நாற்பது கோடு

மூன்று வயதுக் காளையின் கொம்பும் உறைந்துபோகும் என்று சொல்வார்களே, அந்தக் குளிரில்தான் தம்தின் தன் ஜீப்பை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு ஜம்பலின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். உலியாஸ்தாய் நகரத்துப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பிய புகை மேலே ஏற முடியாமல் கூரைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது.

லாரியின் முன்னிருக்கையில், ஆட்டுத்தோல் அங்கிக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தவள் யஞ்சிமா. ஜம்பலுக்குத் தங்கை, தம்தினுக்கு மனைவி. ஷார் கணவாய்க்கு அந்தப் பக்கம், தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி அவர்களுடைய குளிர்கால இருப்பிடம். முந்நூறு ஆடு, கொஞ்சம் யாக், குதிரைகள், அவற்றோடு இந்த ஜீப். முப்பது வருஷத்துக்கு முந்திய ரஷ்ய ஜீப். 'அறுபத்தொன்பது' என்றால் எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"மச்சான், பழைய எஞ்சின் உயிரை விட்டுடுச்சு. புதுசு கொண்டாந்திருக்கேன்," என்று தம்தின் லாரியின் பின்பக்கத்தைக் காட்டினான்.

ஜம்பல் ஏறித் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். ஆற்றில் கவிழ்ந்த ஏதோ ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின். இரண்டு குதிரைகளைக் கொடுத்து வாங்கினானாம்.

"இது ஜப்பான். உன் வண்டி ரஷ்யா மாப்ளே."

"அதனாலென்ன? ரெண்டும் இரும்புதானே."

"நீயும் மனுசன், லாரிக்காரன் சொய்ஜிலும் மனுசன். அதுக்காக அவன் பல்செட்டு உன் வாய்ல உக்காருமா?"

"என் பல்லை எதுக்குய்யா இழுக்கிற?" என்று சொய்ஜில் கத்தினான். யஞ்சிமா சிரித்த சிரிப்பில் அவள் முகத்தைச் சுற்றியிருந்த ரோமமெல்லாம் பனிபூத்து வெளுத்தது.

மந்தையை விட்டு வந்திருந்ததால் தம்தின் அன்றே சொய்ஜிலோடு திரும்பிவிட்டான். யஞ்சிமா அண்ணன் வீட்டில் தங்கினாள். அவளுடைய மகள் மரால், பதின்மூன்று வயதுக்காரி, பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் மாமா வீட்டில் தங்கித்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஜம்பலுக்கும் அவன் மனைவி தாரிமாவுக்கும் பிள்ளை இல்லை. மராலுக்கு முதல் முடி இறக்கியபோது முதல் கத்தரி வைத்தவன் ஜம்பல்தான். தாய்மாமன் என்பதற்காக மட்டுமல்ல. அம்மா இறந்தபோது ஆறு வயதாயிருந்த யஞ்சிமாவைக் குதிரையில் தனக்கு முன்னால் உட்காரவைத்து, நாலு வருஷம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன். அவளை மகள் என்று நினைப்பதா தங்கை என்று நினைப்பதா என்று அவனுக்கே பல நேரம் குழம்பும்.

மறுநாள் வேலையைத் தொடங்கினான். எஞ்சினை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. தூக்கி வைத்து நாலு கால் போட்டால் அது உட்கார்ந்துவிடும். அதன் பின்னால் இருக்கிற கியர் பாக்ஸோடு அது சேர வேண்டும், அங்கேதான் சிக்கல். ஜப்பான்காரனின் கியர் பாக்ஸையே போட்டுவிடலாமென்றால், அதற்கும் பின்னால் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ரஷ்யப் பெட்டி இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் ஜீப் ஜீப்பாக இருக்காது, கணவாயும் ஏறாது. ஆகவே எஞ்சின் ஜப்பான், கியர் பாக்ஸ் ரஷ்யா. இரண்டுக்கும் நடுவில் ஜம்பல்.

யஞ்சிமா ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, சுடச்சுட உப்புத் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பொருத்தம் பாத்தாச்சா? லாமாகிட்ட வருஷம் கேட்டியா? புலி வருஷத்துக்கும் குரங்கு வருஷத்துக்கும் ஒட்டாதாமே."

"ஒண்ணுமே ஒட்டலை புள்ளே. இங்க பாரு, கியர் பாக்ஸ்லருந்து வர்ற ஷாஃப்ட்டுல பத்துப் பல்லு. ஜப்பான் கிளட்ச் பிளேட்டுக்கு நடுவுல இருபத்தொண்ணு."

"அப்போ கல்யாணத்தை நிறுத்திடலாம்."

"நிறுத்தினா நீ நடந்துதான் வீட்டுக்குப் போகணும்."

ஜப்பான் பிளேட்டின் நடுப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, பழைய ரஷ்யப் பிளேட்டின் பத்துப் பல் நடுப்பகுதியை அதில் வைத்து ஆறு ரிவெட் அடித்தான். கிராங்க் ஷாஃப்ட்டின் குழிக்குள் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு போய் உட்கார வேண்டும்; குழி பெரியது, மூக்கு சின்னது. லேத்துக்காரர் ஓசரிடம் போய் இடையில் மாட்ட வெண்கல புஷ் ஒன்று கடைந்து வாங்கி வந்தான். எஞ்சினின் போல்ட் துளைகளுக்கும் கியர் பாக்ஸ் கூட்டின் துளைகளுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு இரும்புத் தட்டு வெட்டி, ஒரு முகத்தில் ஜப்பான் துளைகளும் மறுமுகத்தில் ரஷ்யத் துளைகளுமாகப் போட்டான். இப்படி எட்டு நாள் ஓடியது. சாயங்காலம் மரால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, அன்றைக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லுவாள். தாரிமா அந்த எட்டு நாளும் கை ஓயாமல் சமைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை. புத்தாண்டான வெள்ளைத் திங்கள் பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

ஜம்பல் தட்டையும் கூட்டையும் எஞ்சினோடு சேர்த்து முடுக்கிவிட்டு, கடைசியாக மையம் பார்த்தான். கடிகாரம் மாதிரி வட்ட முகமுள்ள டயல் கேஜை எஞ்சின் பின்னால் சுற்றுகிற ஃப்ளைவீலில் பொருத்தி, அதன் நுனி கூட்டின் நடுத்துளையைத் தடவும்படி வைத்து, கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றினான். எஞ்சினின் மையமும் கியர் பாக்ஸின் மையமும் ஒன்றாக இருந்தால் முள் அசையக் கூடாது. பத்துக் கோடு வரை அசையலாம். முள் நாற்பது கோடு போய் வந்தது.

மறுபடி சுற்றினான். அதே நாற்பது. போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, திரும்ப முடுக்கினான். நாற்பது.

"ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் யஞ்சிமா.

"நடு விலகியிருக்கு. நடுவைப் பிடிச்சு நிறுத்துற இந்த ரெண்டு டோவல் பின்னைப் பிடுங்கிட்டு வேற பின் கடைஞ்சு போடணும். ஓசர் அவர் மாமனார் வீட்டுக்குப் பண்டிகைக்குப் போயிட்டார். வர பத்து நாளாகும்."

"விலகியிருக்குன்னா எவ்வளவு? காட்டு."

அவன் யோசித்தான். "குதிரைவால் முடி ஒண்ணை எடுத்துக்கோ. அவ்வளவு."

"ஒரு முடி!"

"ஆமா."

"அண்ணே, அங்க அவர் ஒத்தையா முந்நூறு ஆட்டைப் பாத்துக்கிட்டிருக்கார். பண்டிகைக்கு ஒரு பூஸ் கொழுக்கட்டைகூட இன்னும் பிடிக்கலை. சொந்தமெல்லாம் வந்து நிப்பாங்க. ஒரு முடிக்காக நான் பத்து நாள் இங்க உக்காரணுமா? மூடி முடுக்கு. பண்டிகை முடிஞ்சதும் கொண்டாந்து விடுறேன், அப்புறம் பிரிச்சு என்ன வேணா பண்ணிக்கோ."

"ஓடும். ஓடாம இருக்காது. ஆனா..."

"ஓடும்ல? போதும்."

அவள் எழுந்து வந்து, சின்ன வயதில் குதிரைமேல் இருந்தபடி செய்ததைப் போல, அவன் தாடையைத் தன் கையுறையால் ஒரு இடி இடித்தாள். ஜம்பல் டயல் கேஜைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் தம்தின் வந்தான். ஜீப்பைக் கிளப்பியதும் பட்டறைக்கு முன்னால் மைதானத்தில் நின்ற விறகு வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பழைய எஞ்சின் காசநோய்க்காரன் மாதிரி இருமும். இது பூனை மாதிரி உறுமியது. "ஜம்பல் அண்ணே, கழுதையோட வயித்துல குதிரையைக் கட்டிட்டீங்களே!" என்று ஒருவன் தோளில் தட்டினான். தம்தின் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மீசையெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தான்.

"பண்டிகை முடிஞ்சதும் ஒருதடவை கொண்டா," என்றான் ஜம்பல்.

"எதுக்கு மச்சான்?"

அத்தனை பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா. பாக்கலாம்னுதான்."

ஜன்னலுக்குள்ளிருந்து யஞ்சிமா அண்ணனைப் பார்த்தாள். விடுமுறை என்பதால் மராலும் ஏறிக்கொண்டாள். ஜீப் போயிற்று.

பண்டிகை முடிந்து மராலைக் கொண்டுவந்து விட்டவன் பக்கத்து இருப்பிடத்துக்காரன் ஒருவன். ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன, அப்பா வர முடியாது என்றாள் மரால். கிளட்சை மிதித்தால் மட்டும் ஏதோ சிணுங்குகிறது, மற்றபடி பிரமாதம் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னாராம். ஜம்பல் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பக்கம் போகிற இரண்டு பேரிடம் 'ஜீப்பை உடனே கொண்டுவரச் சொல்' என்று சொல்லி அனுப்பினான். ஒருவன் சொல்ல மறந்துவிட்டான். இன்னொருவன் சொன்னான், ஈத்து முடிந்ததும் வருகிறேன் என்றானாம் தம்தின்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் யஞ்சிமாவுக்கு வயிற்றுவலி வந்தது. கொழுப்புக் கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாள் வெந்நீர் குடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை அவளால் நிமிர முடியவில்லை. உள்ளூர் வைத்தியப் பெண் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, "குடல்வால் பழுத்திருக்கு, அறுத்தே ஆகணும், இப்பவே கிளம்புங்க," என்றாள். தம்தின் பின்னிருக்கையில் கம்பளிகளைப் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கிளம்பினான்.

கணவாயின் அடிவாரத்தில் உறைந்த ஆறு. நடுவில் பின்சக்கரங்கள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டன. எஞ்சினை அலறவிட்டு, கிளட்சைப் படாரென்று விட்டு விட்டு, ஆறேழு உதையில் வண்டியைக் கரையேற்றினான். அதற்கப்புறம் ஏற்றம். உச்சிக்கு இரண்டு வளைவுதான் பாக்கி. அங்கே ஏதோ முறிந்த சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி நின்றுவிட்டது. எந்தக் கியரைப் போட்டாலும் சக்கரம் அசையவில்லை.

ஒரு மணி நேரம் காத்திருந்தான். அந்தப் பாதையில் ஒரு ஜீவன் வரவில்லை. "நீ போய் யாரையாவது கூட்டிட்டு வா," என்றாள் யஞ்சிமா. ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, முழங்கால் பனியில் அவன் நடந்தான். முதல் இருப்பிடம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அவர்களுடைய லாரியோடு திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் இதமான சூடு. யஞ்சிமா போய்விட்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

லாமா குறித்துக் கொடுத்த நாளில், கிழக்குச் சரிவில், அவளை மண்ணில் வைத்தார்கள். கண்ணீர் விட்டால் போகிறவளின் வழியில் ஆறு பெருகிவிடும் என்பதால் யாரும் சத்தமாக அழவில்லை. மரால் தன் அங்கியின் கைநுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். தம்தினைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவன் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. கூடாரத்துக்குள் யாராவது வந்து உட்கார்ந்தால் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"ஆத்துல நான்தான் உதைச்சு உதைச்சு இழுத்தேன். நான்தான் உடைச்சேன். இறங்கி ரெண்டு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில போட்டிருக்கலாம். என் அவசரம். அவளை நான்தான் கொன்னேன்."

"அப்படிச் சொல்லாதே. அவ ஆயுசு அவ்வளவுதான்," என்றார்கள் பெரியவர்கள்.

ஜம்பல் எதிரே உட்கார்ந்திருந்தான். கையில் தேநீர்க் கிண்ணம் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. உண்மையில் என்ன உடைந்தது என்று அவன் இன்னும் பார்க்கவில்லை அல்லவா? ஒருவேளை ஆற்றில்தான் உடைந்ததோ என்னவோ. அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருந்தான்.

"அந்த வண்டியை என் கண்ணுல காட்டாதீங்க. கணவாய்லயே கிடக்கட்டும். இரும்புக்காரன் எவனாவது தூக்கிட்டுப் போகட்டும்," என்றான் தம்தின்.

இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஜம்பல் ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள், சொய்ஜிலைக் கூட்டிக்கொண்டு கணவாய்க்குப் போனான். ஜீப் பாதிவரை பனியில் புதைந்திருந்தது. பின்னிருக்கையில் கம்பளிகள் அப்படியே சுருண்டு கிடந்தன.

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜம்பல் தனியாகவே பிரித்தான். கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்ததும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி தனியாகக் கழன்று, ஷாஃப்ட்டோடு தொங்கியது. ஆறு ரிவெட்டும் அறுந்திருந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

ஒரே உதையில் அறுந்த இரும்பு உள்ளே பளபளவென்று, சர்க்கரையை உடைத்த மாதிரி இருக்கும். இரண்டு ரிவெட்டுகள் அப்படி இருந்தன. மற்ற நாலும் கறுத்து, வழவழவென்று தேய்ந்திருந்தன. அவை என்றைக்கோ அறுந்து, நாள்கணக்காக ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தவை. வெண்கல புஷ்ஷைக் கழற்றினான். வட்டமாக இருந்த துளை ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தது. ஒரு குதிரைவால் முடி விலகிய மையத்தில், ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேட்டைக் கொஞ்சம் வளைத்து வளைத்து, நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை, ஐந்து வாரம்.

ஜம்பல் தரையில் உட்கார்ந்துவிட்டான். தாரிமா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள் அவனையும் தட்டையும் பார்த்தாள். அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், நாற்பது கோட்டையும், யஞ்சிமா மூடச் சொன்னதையும், 'சும்மா' என்று தான் சொன்னதையும்.

தாரிமா தட்டை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "இதைத் தூக்கி அடுப்புல போடு," என்றாள்.

"இரும்பு எரியுமா?"

"ஆத்துல போடு. நீ சொல்றதால செத்தவ எழுந்து வரப் போறாளா? சொன்னா தம்தின் இந்த வாசப்படி மிதிப்பானா? மராலை இங்க விடுவானா? எனக்கு அந்தப் புள்ளைதான் இருக்கு. உனக்கும் அதேதான்."

"அவன் தன்னாலதான்னு நினைச்சு உருகிக்கிட்டிருக்கான் தாரிமா."

"காலம் ஆத்தும்."

"எதை ஆத்தும்? பண்ணாத ஒண்ணையா?"

தாரிமா எழுந்துபோய்ச் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குக் கோயிலில் விளக்கு வைக்கத் தம்தின் நகரத்துக்கு வந்தான். சடங்கு முடிந்து, மராலைத் தாரிமாவோடு அனுப்பிவிட்டு, தானாகவே பட்டறைக்கு வந்தான். அங்கி அவன்மேல் ஆணியில் மாட்டிய மாதிரி தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கொண்டாந்துட்டியா."

"ம்."

"பிரிச்சியா? நான் ஆத்துல உதைச்சதுலதானே போச்சு?"

ஜம்பல் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தான். "இப்படி வந்து உக்காரு மாப்ளே. ஒண்ணு சொல்லணும். முடியறவரைக்கும் குறுக்க பேசாதே."

ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சொன்னான். இது புதுசா அறுந்தது, இது பழசு, இது பழசு. மையம் விலகியிருந்தது. பூட்டும்போதே எனக்குத் தெரியும். நாற்பது கோடு. பத்துக்குள்ள இருக்கணும். தெரிஞ்சேதான் பூட்டினேன். நீ கேட்டப்போ சும்மான்னு சொன்னேன். சுத்தி ஆள் நின்னாங்க, சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீ ஆத்துல உதைக்கலைன்னாலும் ஒரு வாரத்துல, பத்து நாள்ல போயிருக்கும். நீ உடைக்கலை. நான்தான்.

வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். தம்தின் ஒரு கறுத்த ரிவெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

ஜம்பலுக்கு அந்தக் காலை கண்ணெதிரே வந்தது. தாடையில் இடித்த கையுறை வந்தது.

"தெரியாது," என்றான்.

"நல்லவேளை." தம்தின் தலையை ஆட்டினான். "நல்லவேளை. நான் கிளம்பும்போது என்ன சொன்னா தெரியுமா? 'எங்கண்ணன் போட்ட எஞ்சின், நிக்காது. இங்க சூடாத்தான் இருக்கு, நீ தைரியமாப் போ'ன்னா. அது நிக்கவேயில்லை மச்சான். நான் வந்து சாவியைத் திருப்பறவரைக்கும் நிக்கலை."

அப்போதுதான், அத்தனை நாளுக்குப் பிறகு, தம்தின் அழுதான். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பையன் மாதிரி அழுதான். ஜம்பல் கையை நீட்டினான். தம்தின் அந்தக் கையைத் தட்டிவிட்டான். எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று ஜம்பல் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். தம்தின் அடிக்கவில்லை.

"ஒரு வார்த்தை," என்றான். "பண்டிகைக்கு நடந்து போயிருப்போம்டா. குதிரையில போயிருப்போம். வண்டி முடியலை, அப்புறம் வான்னு ஒரு வார்த்தை."

அன்று சாயங்காலமே மராலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டான். என்ன நடந்தது என்று மராலுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் மாமாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தாரிமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாரிமா ஜம்பலோடு ஒரு மாதம் பேசவில்லை. அவள் போடுகிற தட்டில் அவன் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

லேத்துக்காரர் ஓசர் இப்போது ஊரில் இருந்தார். பனி உருகி ஆறு பெருகிய அந்த வசந்தத்தில் ஜம்பல் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. பழைய இரும்புத் தட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, வேறு தட்டு வெட்டினான். டோவல் பின்களைப் புதிதாகக் கடைந்து போட்டான். புது பிளேட், புது புஷ். மையம் பார்த்தபோது முள் ஆறு கோடு காட்டியது. நான்குக்குக் கொண்டுவந்தான். ஓசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து வரைக்கும் விடலாம்டா. எதுக்கு உயிரை விடுறே?" என்றார். அவன் மறுபடி பிரித்தான். முள் இரண்டு கோட்டுக்கு வந்த பிறகுதான் விட்டான். அந்தக் கம்பளிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பின்னிருக்கையில் வைத்தான். யாரும் கேட்டு அவன் அதையெல்லாம் செய்யவில்லை. வண்டி கொட்டகையில் நின்றது. கோடை போயிற்று.

செப்டம்பரில், பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில், தம்தின் வந்தான். கொஞ்சம் உடம்பு தேறியிருந்தது. கண் இப்போது ராத்திரி தூங்குகிறவன் கண்ணாக இருந்தது. ஜம்பல் அதை முதலில் கவனித்தான்.

"ஓடுதா?" என்றான் தம்தின்.

"ஓடுது. ரெண்டு கோடுதான். வேணும்னா நீயே..."

"வேண்டாம்." தம்தின் சாவிக்குக் கை நீட்டினான். "குளிருக்கு முன்னாடி இடம் மாறணும். புள்ளையைக் கொண்டுவந்து விடணும். வண்டி இல்லாம முடியலை. அதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். மனசு ஆறிடுச்சுன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலை மாப்ளே."

"அப்படிக் கூப்பிடாதே."

தாரிமா கிண்ணத்தில் தேநீரோடு வாசலுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் எதிரி வீட்டிலும் நீட்டின தேநீரை உதட்டில் படவைக்காமல் போகமாட்டார்கள். தம்தின் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். குடிக்காமலே அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆகவில்லை. வெள்ளைத் திங்களுக்குத் தாரிமா ஒவ்வொரு வருஷமும் தம்தினுக்கும் மராலுக்குமென்று ஒரு தட்டில் பலகாரம் அடுக்கி வைப்பாள். மூன்றாம் நாள் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாள். மரால் பெரியவளாகிவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எப்போதாவது வந்து மாமாவோடு உட்கார்ந்திருப்பாள். என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டாள். ஜம்பல் சொன்னான். தம்தினிடம் சொன்னதை மட்டும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, அப்புறமும் வருகிறாள்.

தம்தினும் வருகிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை, குளிருக்கு முன்னால் ஒன்று, ஈத்துக்குப் பின்னால் ஒன்று. ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சந்தைப் பக்கம் நடந்துவிடுவான். ஜம்பல் அடியில் புகுந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணெய் மாற்றி, முடுக்கி வைப்பான். சாயங்காலம் தம்தின் வந்து வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பான், எடுத்துக்கொண்டு போவான். ஊரில் இப்போது நல்ல பட்டறைகள் நாலைந்து வந்துவிட்டன. அவன் இருப்பிடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் இன்றுவரை அவன் அந்த ஜீப்பை வேறு யார் கையிலும் விட்டதில்லை.